நூற்றில் பதினோரு பேர்

எங்கள் பேட்டைப் பூங்காவில் காலை வேளையில் நடக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் அரசியல் பேசுவார்கள். அரசியல் அலுத்துப் போன நாட்களில் மாப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது அந்த இரண்டையும் விட்டுவிட்டு ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். "உமக்கு என்ன வந்தது?" என்று ஒருவர் கேட்பார். "கொலஸ்ட்ரால் 240" என்பார் மற்றவர். "அடடா! எனக்கு 185தான்" என்று முதல்வர் சொல்லும்போது அவர் குரலில் பாதி அனுதாபமும் பாதி ஆனந்தமும் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் மார்க்கை ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே குறைவாக வாங்கினவன் கெட்டிக்காரன்.

இந்தச் சபையில் இரண்டு கட்சிகள் உண்டு. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மாத்திரை எதிர்ப்புக் கட்சியின் தலைவர். வியாதி இல்லாதவனை வியாதிக்காரனாக்குகிற வியாபாரம்தான் ஸ்டாட்டின் என்பது அவருடைய கொள்கை. பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற இன்னொருவர், அந்த மாத்திரையைக் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரிலேயே கலந்துவிட வேண்டும் என்கிறவர். இருவரும் நல்லவர்கள். ஒரே பெஞ்சியில்தான் உட்காருவார்கள். நடுவில் நான் உட்காருவது வழக்கம். ஆகையால் என் 58ஆம் வயதில் இந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்து சேர்ந்தபோது இரண்டு காதிலும் ஏற்கெனவே நிறைய விழுந்திருந்தது.

எங்கள் டாக்டர் ஒரு பெண். காலஞ்சென்ற என் நண்பரின் மகள். பாவாடை கட்டிய நாளிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டுப் பழகியவள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு வியாதி ஒன்றும் இல்லை" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

"ஆனால் மருந்து ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கணும்."

இதுதான் எனக்குப் புரியாத இடம். நமக்குத் தெரிந்த வைத்தியம் என்ன? ஜுரம் வந்தால் கஷாயம். ஜுரம் விட்டால் கஷாயமும் விட்டது. இது வராத ஒன்றுக்கு மருந்து. வரும் என்றும் நிச்சயமில்லை. எப்போது நிறுத்துவது என்றால், அதற்கு ஒரு தேதியும் கிடையாது.

அவள் கம்ப்யூட்டரில் சில எண்களைத் தட்டினாள். வயது, ஆண், மொத்தக் கொலஸ்ட்ரால் 214, நல்ல கொழுப்பு 38, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 138, சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. "நூற்றுக்குப் பதினொன்று" என்றாள். அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான கணக்கு அது.

இந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கதை எழுதுகிறவனுக்கு எதற்கும் ஒரு பூர்வ கதை வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300க்கு 190. வயதானால் அழுத்தம் ஏறுவது இயற்கை, அதில் கை வைக்கக் கூடாது என்று பல டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். மூன்று வருஷம் கழித்து, 1948இல், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 ஆண் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு நாடி, ரத்தம், எடை, எல்லாம் பார்ப்பார்கள். மருந்து கொடுப்பதில்லை. யாருக்கு என்ன வருகிறது என்று காத்திருந்து எழுதிக்கொள்வார்கள். 1961இல் கானல் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இன்னின்ன அம்சங்கள் உள்ளவர்களுக்கு இருதய நோய் அதிகம் வருகிறது என்று அச்சிட்டார்கள். 'ரிஸ்க் ஃபாக்டர்' என்று இன்று பூங்கா பெஞ்சியில் கூட அடிபடுகிற சொல் அந்த ஊரின் வழியாகத்தான் உலகமெல்லாம் பரவியது.

ஒரு ஊரையே தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து போகும் பொறுமை எந்த நாவலாசிரியனுக்கு வந்தது! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஆனால் அவர்கள் கடைசியில் எழுதியது கதை அல்ல, அட்டவணை. அதில் பேர் கிடையாது.

நம் ஊர் ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "62இல் ஒரு கண்டம் இருக்கிறது" என்பார். பொய்யோ மெய்யோ, அவர் சொல்வது என் ஒருவனைப் பற்றி. டாக்டர் சொல்வது என்னைப் போன்ற நூறு பேரைப் பற்றி. நான் அவர்களில் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுடைய கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அவள் காகிதத்தில் நூறு புள்ளி வைத்து எனக்கு விளக்கினாள். என் மனசுக்குப் புள்ளி பிடிபடவில்லை. கல்யாணப் பந்திதான் பிடிபட்டது. நூறு இலை போட்டிருக்கிறது. நூறு இலையிலும் என் வயசு, என் கொலஸ்ட்ரால், என் ரத்த அழுத்தம் உள்ள ஆண்கள். பத்து வருஷம் ஒருவரும் மாத்திரை சாப்பிடாவிட்டால் 11 பேருக்கு மாரடைப்போ வாதமோ வரும். நூறு பேரும் தினம் ஒன்றாகப் பத்து வருஷம் விழுங்கினால், என் அளவுக் கொழுப்பு உள்ளவர்களில், அந்த 11 ஏறக்குறைய 8 ஆகும். மூன்று பேர் தப்பினார்கள். 8 பேருக்கு மாத்திரை விழுங்கியும் வந்தது. மீதி 89 பேருக்கு மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றும் வந்திராது.

"அந்த மூன்று பேரில் நான் ஒருவனா?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா."

"பத்து வருஷம் கழித்து?"

"அப்போதும் தெரியாது. நன்றாக இருந்தால் மாத்திரையால் நன்றாக இருக்கிறீர்களா, சும்மாவே நன்றாக இருக்கிறீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது."

இது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. கண்டம் நீங்கினவன் கோயிலில் போய்த் தேங்காய் உடைப்பான். இங்கே கண்டம் நீங்கியதே யாருக்கும் தெரியப் போவதில்லை. உடைப்பதற்கு ஆள் இல்லாமல் மூன்று தேங்காய் நிற்கின்றன.

பூங்காவில் நடக்கும் சண்டையின் சூட்சுமமும் இதிலேதான் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில், கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தும் மாரடைப்பு வராத 6,595 ஆண்களைப் பிரித்து, பாதிப் பேருக்குப் பிராவாஸ்டாட்டினும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் ஐந்து வருஷம் போலக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1995இல் வந்தது. வெறும் மாத்திரைக்காரர்களில் 248 பேருக்கு இருதயத் தாக்குதல். மருந்துக்காரர்களில் 174 பேருக்கு. பாங்கிக்காரர் இதை, "கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது!" என்பார். தலைமை ஆசிரியர், "நூற்றுக்கு இரண்டேகால் பேர், அதற்காக மற்றவர்களும் ஐந்து வருஷம் மாத்திரை விழுங்கினார்கள்" என்பார். இரண்டும் ஒரே கணக்கு. இரண்டும் சரி. பத்திரிகைக்காரர்கள் முதல் கணக்கைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நானும் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன், அதனால் அதற்கு மேல் சொல்லக் கூடாது.

மருந்தின் பிறப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது நமக்கு உறவான சமாசாரம். ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொலஸ்ட்ராலை உடம்பு தயாரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சைக் காளானில் இருக்குமா என்று தேடினார். ஏறக்குறைய 6,000 வகைகளைச் சோதித்தார். கடைசியில் 1973இல் அகப்பட்டது கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த நீலப் பச்சைப் பூஞ்சையில். எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொழுப்பு குறையவில்லை. கோழிக்குக் கொடுத்தார்கள்; குறைந்தது. கோழியை நினைத்துப் பார்த்திராவிட்டால் கதை எலியோடு முடிந்திருக்கும். அதே வகை மருந்து ஒன்று, லோவாஸ்டாட்டின், 1987இல் அமெரிக்காவில் முதன் முதலாக விற்பனைக்கு அனுமதி பெற்றது. எண்டோ 2024இல் தமது 90ஆம் வயதில் காலமானார். மருந்து செய்யும் வேலை எளிமையானது. கல்லீரல் சொந்தமாகக் கொழுப்புத் தயாரிப்பதைக் குறைத்துவிடுகிறது. அப்போது கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு இறங்குகிறது.

அரிசிப் பூஞ்சையிலிருந்து வந்த மருந்து என்று கேட்டதும் என் மனைவிக்கு அதன்மேல் தனி மரியாதை ஏற்பட்டுவிட்டது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு அநேகமாக விவாதமே கிடையாது, கொடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் விவாதம் இல்லை. கெட்ட கொழுப்பு 190க்கு மேல் போனவர்களுக்கும் இல்லை. விவாதமெல்லாம் என்னைப் போல வரப்பின்மேல் நிற்கிறவர்களுக்குத்தான். "நான் ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன், ஒரு நாள் இப்படிப் புஸ்தகத்தைப் புரட்டினீர்களா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி.

வரப்பும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. 2013இல் அமெரிக்க டாக்டர்கள் பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழரை என்று எல்லைக்கோடு போட்டார்கள். பிரிட்டனில் முதலில் 20 என்று இருந்ததை 2014இல் 10 ஆக்கினார்கள். யாருடைய ரத்தக் குழாயிலும் ஒரு மாறுதலும் இல்லை. ஆனால் 15 உள்ள ஒருவர் ராத்திரி படுக்கும்போது மருந்து வேண்டாதவராகப் படுத்து, காலையில் மருந்துக்கு உரியவராக எழுந்தார். பிறகு 2023இல் அமெரிக்க இருதய சங்கம் புது அட்டவணை ஒன்று கொண்டு வந்தது. டாக்டர் அதிலும் என் எண்களைப் போட்டுப் பார்த்தாள். 11 கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. அதே நான், அதே ரத்தம். பழைய அட்டவணை கொஞ்சம் கூடுதலாகவே பயமுறுத்துகிறது என்பது தெரிந்த விஷயம்தானாம்.

வயது செய்கிற விளையாட்டு வேறு இருக்கிறது. பழைய அட்டவணைப்படி, கொழுப்பும் அழுத்தமும் அப்பழுக்கில்லாமல் இருக்கிற ஆண்பிள்ளை கூட 65ஐத் தாண்டினால் அந்த ஏழரையைத் தாண்டிவிடுகிறான். தலைமை ஆசிரியருக்கு 76. அவர் செய்த ஒரே குற்றம் உயிரோடு இருந்ததுதான். அவருடைய கட்சியில் இந்த இடத்தில் மட்டும் எனக்கு அனுதாபம் உண்டு.

ஆனால் மாத்திரை சாப்பிட்டால் கால் வலிக்கும் என்று அவர் பயமுறுத்துவதை அப்படியே ஏற்கத் தயாராக இல்லை. பிரிட்டனில் ஒரு சோதனை செய்து 2020இல் வெளியிட்டார்கள். உடம்பு வலி முதலிய தொந்தரவுகளால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேரைப் பிடித்தார்கள். நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் பொய் மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமில்லாத வெறும் புட்டி, மாற்றி மாற்றி. மாத்திரை இருந்த மாதங்களில் அது நிஜமா பொய்யா என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தொந்தரவுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் ஏறிய தொந்தரவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, பொய் மாத்திரை மாதத்திலும் இருந்தது! வலி பொய் என்று சொல்லவில்லை, வலி நிஜம். மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு அதை உண்டாக்கியது. இதைத் தெரிந்துகொண்ட பின் அவர்களில் பாதிப் பேர் மறுபடி மருந்தை ஆரம்பித்தார்கள். தசையை நிஜமாகவே பாதிப்பது அபூர்வமாக உண்டு. சர்க்கரையின் வாசலில் நிற்கிறவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுவதும் உண்டு. டாக்டர் எதையும் மறைக்கவில்லை.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு அவள் பேனாவை எடுத்துக்கொண்டு, "வீட்டில் யாருக்காவது சின்ன வயசில் மாரடைப்பு வந்ததா மாமா?" என்று கேட்டாள்.

கம்ப்யூட்டர் அதைக் கேட்கவே இல்லை.

எனக்கு இரண்டு வயது இளையவன் என் தம்பி. ஒல்லி. சிகரெட் தொட்டவனில்லை. தஞ்சாவூரில் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளுக்கு இட்லி எடுத்துக் கொடுத்துவிட்டு, நெஞ்சைக் கரிக்கிறது என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டார் கார் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. வயது 47. எங்கள் அப்பா போனது 52இல். அந்தக் காலத்தில் அதற்கு வாயு என்று பெயர். கிராமத்தில் எல்லோரும் வாயு என்றே சொன்னார்கள். அம்மாவும் கடைசி வரையில் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். அமெரிக்க அட்டவணைகள் இரண்டிலும் இதற்குக் கட்டம் கிடையாது என்றாள். பிரிட்டிஷ் அட்டவணை ஒன்று, நெருங்கிய உறவில் 60 வயதுக்குள் யாருக்காவது வந்ததா என்றும் கேட்கிறது; நீர் இந்தியரா என்றும் கேட்கிறது. இந்தியரா என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், நம் தெற்காசியப் பகுதியைச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு 53 வயதுக்குள்ளேயே அது வந்திருந்தது. மற்ற நாட்டாரில் பாதிப் பேரை எட்ட 59 வரை போக வேண்டியிருந்தது. ஃப்ரேமிங்ஹாம் பந்தியில் நம் இலை போடப்படவில்லை என்று நான் சொன்னதற்கு அவள் சிரித்தாள்.

வேண்டுமானால் இருதயக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், பூஜ்யம் வந்தால் மருந்தைத் தள்ளிப் போட நியாயம் உண்டு என்றாள். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. நூறு இலையில் எந்த இலை என்னுடையது என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தேன். பந்தியில் தம்பி எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது ஞாபகம் வந்த பிறகு, 11ஆ, அதில் பாதியா என்பது பெரிய விஷயமாகப் படவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்தேன். தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உம்ம தம்பியைப் பற்றி நீர் சொன்னதே இல்லையே" என்றார். அன்று அவர் கட்சிப் பேச்சு எடுக்கவில்லை.

ஆனால் டாக்டர் என்னை எழுந்து போக விடவில்லை. "உங்கள் கதை இருக்கட்டும். தம்பி பிள்ளைக்கு என்ன வயசு?" என்றாள்.

28. ஓசூரில் தொழிற்சாலை வேலை. பந்தடிப்பான், மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவான். அவனுக்கு என் கணக்கைப் போட முடியாது. பழைய அட்டவணை 40 வயதில்தான் தொடங்குகிறது, புதியது 30இல். அப்படியே போட்டாலும் அவ்வளவு இளவயதில் பத்து வருஷக் கணக்குச் சின்னதாகத்தான் வரும். அவன் அப்பாவுக்கு 28 வயதில் போட்டிருந்தாலும் சின்னதாகத்தான் வந்திருக்கும். போனில் விஷயத்தைச் சொன்னபோது, "எனக்கு என்ன பெரியப்பா, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றான். இருந்தாலும் அவன் அம்மா சொன்னதற்காகப் போய் ரத்தம் கொடுத்தான்.

கெட்ட கொழுப்பு 212.

டாக்டர் அவசரப்படவில்லை. மறுபடியும் எடுக்கச் சொன்னாள். தைராய்டைப் பார்க்கச் சொன்னாள். அது சரியாகவே இருந்தது. இரண்டாவது தடவையும் 200க்குமேல். பிறவியிலேயே குடும்ப வழியாக வருகிற கொழுப்பாக இருக்கக்கூடும் என்றாள். ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு உண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பூவா தலையா மாதிரி. அப்பாவிடமிருந்து எனக்குப் பூ விழுந்து தம்பிக்குத் தலை விழுந்திருக்கலாம். தம்பியிடமிருந்து இவனுக்கு. 28 வயதுதான் என்றாலும் பிறந்த நாளிலிருந்து அந்த ரத்தம்தான் அவன் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்ற மாதம் அவனை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவன் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். "எனக்கு நூற்றுக்கு எத்தனை அக்கா?" என்று கேட்டான்.

"உனக்கு அந்தக் கணக்கே கிடையாது" என்று அவள் கம்ப்யூட்டரை மூடினாள். "190க்கு மேல் போனவர்களுக்கு அட்டவணை பார்ப்பதில்லை."

மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வெளியே வந்து ரிக்‌ஷாவுக்கு நிற்கும்போது, "அப்பாவுக்கு யாராவது இதைப் பார்த்திருப்பார்களா, பெரியப்பா?" என்றான். பார்த்ததாக வீட்டில் ஒரு சீட்டும் இல்லை. அவன் அம்மா பீரோவையெல்லாம் தேடிவிட்டாள். அதைச் சொன்னேன்.

இனி அவன் தங்கை. வயது 20, திருச்சியில் படிக்கிறாள். பொங்கலுக்கு வரும்போது ரத்தம் எடுக்க வேண்டும். அவளுக்கு ஊசியைக் கண்டாலே பயம். அண்ணன் கூட வந்து கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.